பதினான்காம் எண் வயல்

"மனிதப் புதைகுழிகள் இருந்ததற்கான சான்று எதுவும் காணப்படவில்லை."

அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரியை டெல்மா கல்டோரி மூன்று முறை படித்தாள். பின்பு அறிக்கையைக் கவிழ்த்துப் போட்டு, அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல அதன்மேல் சர்க்கரை ஜாடியைத் தூக்கி வைத்தாள்.

"மெதுவாக்கா, ஜாடி ஒடைஞ்சிடப் போகுது," என்றான் தம்பி கிளைவ்.

"ஒடையட்டும். இந்த ஊர்ல சர்க்கரைக்கா பஞ்சம்?"

மக்காய் நகரத்தைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரும்புதான். அந்தக் கரும்புக்காகவே டெல்மாவின் முன்னோர் தொலைதூரத் தீவுகளிலிருந்து இந்தக் கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். இப்போது கிளென்வரா பண்ணையின் பதினான்காம் எண் வயலை வீட்டுமனை போடும் நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. எண்பத்து நான்கு மனைகள். வயலின் சாலையோரத்தில், வேலியை ஒட்டி ஒரு மாமரம் நிற்கிறது. கல்டோரி குடும்பத்தார் ஒவ்வோர் ஈஸ்டருக்கும் அதன் அடியில் கூடி, கொள்ளுப்பாட்டி லெய்சவுவுக்கு அஞ்சலி செலுத்துவது வழக்கம். அங்கே அவளைப் புதைத்திருக்கிறார்கள் என்று டெல்மா எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, நிறுவனம் ஓர் ஆய்வாளரை அமர்த்தியது. அந்தப் பெண் மண்ணுக்குள் பார்க்கும் கருவியை மரத்தைச் சுற்றி இரண்டு நாள் இழுத்துப் பார்த்து இந்த அறிக்கையை எழுதினாள். வேர்களும், துருப்பிடித்த ஒரு கலப்பைக் கொழுவும் மட்டுமே தென்பட்டனவாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நிலத்தைச் சமன்படுத்தும் வேலை தொடங்கும். முதல் புல்டோசரை ஓட்டப்போகிறவன் கிளைவ்.

"நீ லீவு போட்டுடு," என்றாள் டெல்மா.

"நான் போட்டா வேற ஒருத்தன் ஏறுவான். அவன் என்னைவிட வேகமா ஓட்டுவான். நானாவது கொஞ்சம் சோம்பேறி."

டெல்மா சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பவள்தான்.

லெய்சவு தோங்கோவா தீவைச் சேர்ந்தவள். பதினைந்து வயதில், கிழங்கு விற்பதற்காக வேறு இருவருடன் தோணியில் ஏறி ஒரு கப்பலருகே சென்றாள்; அது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வந்த கப்பல். கப்பலில் இருந்தவர்கள் மேலிருந்து இரும்புக் கட்டியைப் போட்டுத் தோணியைப் பிளந்தார்கள். நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றுவதுபோல மேலே தூக்கி, நேரே அடித்தளத்தில் அடைத்தார்கள். மக்காயில் இறங்கியபோது அவள் பெயர் லூசி என்று எழுதப்பட்டது. குதிரைமேல் அமர்ந்த மேற்பார்வையாளனின் சாட்டை எட்டும் தூரத்தில் அவள் பதினேழு ஆண்டுகள் களை எடுத்தாள். அங்கேயே கல்டோரி என்பவனை மணந்தாள். அங்கேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தாள். நகரத்து இடுகாட்டில் 'கனாக்கா'க்களுக்கு, அதாவது தீவுக்காரக் கூலிகளுக்கு, இடமில்லை என்றதால், வயலின் ஓரத்திலேயே புதைத்தார்கள். அவள் மகன் சாமுக்கு அப்போது ஐந்து வயது.

சில ஆண்டுகளில் புதிய சட்டம் வந்தது. தீவுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் போகவேண்டும் என்றது. கொண்டுவந்தபோதும் அவர்களைக் கேட்கவில்லை, அனுப்பியபோதும் கேட்கவில்லை. சாமும் அவன் தந்தையும் சதுப்புநிலக் காட்டில் பதினான்கு மாதம் ஒளிந்து கிடந்து தப்பினார்கள். வெளியே வந்தபோது, கரும்பில் கைவைக்க வெள்ளையருக்கு மட்டுமே உரிமை என்று ஆகியிருந்தது. எந்தக் கரும்புக்காகப் பிடித்து வந்தார்களோ, அந்தக் கரும்பையே தொடக்கூடாது என்றார்கள். சாம் மீன் பிடித்தும் விறகு வெட்டியும் பிழைத்தார். அவர் மகன் ஜோசையா, டெல்மாவின் தந்தை, வாய்க்கால் வெட்டினார்.

பதினொரு வயதில் டெல்மா பள்ளியில் எழுந்து நின்று, "எங்க கொள்ளுப்பாட்டிய அடிமையாப் பிடிச்சுட்டு வந்தாங்க, மிஸ்" என்று சொன்னாள். தீவுக்காரர்கள் விரும்பி வேலைக்கு வந்தவர்கள் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்த ஆசிரியை, அவளை மணியடிக்கும்வரை வெயிலில் நிறுத்தினாள். வீட்டுக்கு வந்ததும் ஆறுதலாகவாவது ஒரு சொல் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"வெளிய போய் அந்த வார்த்தையச் சொல்லாத," என்றார் ஜோசையா. "சொன்னா நம்மளத்தான் கேவலமாப் பாப்பாங்க. பிடிச்சுட்டு வந்தவன யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க."

அந்தப் பதிலின்மேல் அவளுக்கு ஏற்பட்ட கோபம் இன்றுவரை தணியவில்லை. தந்தையின்மேல் பாதி, தந்தையை அப்படிப் பேசவைத்த ஊரின்மேல் மீதி.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், இருபத்து நான்காம் வயதில், அவள் கிளென்வரா பண்ணையில் டிராக்டர் ஓட்டச் சேர்ந்தாள். வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே அதே வேகத்தில் டிராக்டரைச் செலுத்தி, அது கக்கும் கரும்புத் துண்டுகளைப் பின்னால் இழுக்கும் பெட்டியில் சிந்தாமல் வாங்கவேண்டும். மாவட்டத்தில் அவளைப்போல் ஓட்டியவர்கள் அரிது. இருபத்திரண்டு அறுவடைகள். உரிமையாளர் ஹெக்டர் ப்ளைத், கண்டவர்களிடமெல்லாம் அவளைச் சுட்டிக்காட்டி, "எம் பண்ணையிலேயே பெரிய டிரைவர் அதுதான்" என்று சொல்லிக்கொள்வார். காலம் மாறிவிட்டதற்கு அவளே அடையாளம் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அவளும் சில நாள் அதை நம்பினாள்.

சனிக்கிழமை காலையில், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணை அழைத்து, "மாமரத்தடிக்கு வாம்மா, மூஞ்சிக்கு நேரா பேசணும்" என்றாள்.

ஆய்வாளர் ஃபிரான்சஸ் வந்தபோது டெல்மாவும் கிளைவும் மரத்தடியில் காத்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும், மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது.

"எங்க குடும்பம் நூறு வருஷமாப் பொய் சொல்லுதுன்னு எழுதியிருக்க."

"அப்படி எழுதல, டெல்மா ஆன்ட்டி. இந்த மரத்தடியில இல்லைன்னு எழுதியிருக்கேன். அவங்க கேட்டது இந்த மரத்த மட்டும்தான்."

"உன் மெஷினு எங்க தாத்தாவவிடப் பெரிய ஆளா?"

ஃபிரான்சஸ் புல்லின்மேல் உட்கார்ந்து, "ஈஸ்டருக்கு இங்க வந்து என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றாள்.

"செபம் பண்ணுவோம். அப்புறம் குரோட்டன்ஸ் இலையும் பூவும் சேத்துக் கட்டி எறிவோம்."

"எறிவீங்களா?"

"வேலிக்கு அந்தப் பக்கம்," என்றான் கிளைவ். "அதுல எங்க குடும்பத்துல நான்தான் சாம்பியன். ஒரு வருஷம் நான் எறிஞ்சது ப்ளைத்தோட பசு மண்டையில விழுந்துச்சு. அது அன்னையிலேர்ந்து பால் குடுக்கலைன்னு அந்த ஆளு ஒரு மாசம் பொலம்பினாரு."

"நீ எறிஞ்ச லட்சணம் அப்படி," என்றாள் டெல்மா.

"மரத்தடியில வைக்கமாட்டீங்களா?"

"வைக்கிற பழக்கம் இல்ல. எறியணும். எங்கப்பா எறிஞ்சாரு, அவங்கப்பா எறிஞ்சாரு."

"அப்பா கட்டுக்குள்ள ஒரு கல்லு வேற வச்சுக் கட்டுவாரு," என்றான் கிளைவ்.

"கல்லு எதுக்கு?"

"தூரமாப் போறதுக்கு."

சொன்ன வாய் மூடாமலே கிளைவ் அக்காவைப் பார்த்தான். டெல்மா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெய்சவு வேலை செய்த பெருந்தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது சாமுக்குப் பன்னிரண்டு வயது. ப்ளைத்தின் தாத்தா இந்த நிலத்தை வாங்கி, முதல் வேலையாக முள்கம்பி இழுத்தார். உள்ளே காலெடுத்து வைக்கும் தீவுக்காரனை நாய் கவனித்துக்கொள்ளும் என்றார். சாலையில் நிற்பதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. சாலை அந்த இடத்துக்கு மிக அருகில் வருவது இந்த மாமரத்தடியில்தான். தாயைப் புதைத்த இடத்தைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை, மரத்தடியில் நின்று, கை கொண்ட மட்டும் பூவை உள்ளே வீசினான். ஆண்டுதோறும் வீசினான். பின்னால் பிறந்தவர்களோ, சாம் நின்ற இடத்தையே கல்லறை என்று நினைத்துக்கொண்டார்கள். வீசுவதைச் சடங்கு என்றும், சிறுவர்கள் அதைப் பந்தயம் என்றும் எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏன் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டெல்மா எழுந்து, தந்தை வழக்கமாக நின்ற இடத்தில் நின்றாள். அவர் சர்க்கரை ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தபடி எறிவார். அந்தத் திசையில், வேலியிலிருந்து அறுபது தப்படித் தொலைவில் என்ன இருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த வயலில் அவள் அறியாத அங்குலம் இல்லை.

அங்கேதான் பள்ளங்கள் இருந்தன. சுமையோடு வரும்போது இடப்பக்கச் சக்கரம் இறங்கி ஏறும்; மறுபடியும் இறங்கி ஏறும். ஒன்பது முறை. பெட்டி ஒரு பக்கமாகச் சாயும். ஒவ்வோர் அறுவடையிலும் அவள் அந்தப் பள்ளங்களைத் திட்டியிருக்கிறாள். ஆலைக் கழிவுச் சேற்றைக் கொட்டி நிரப்பச் சொன்னார் ப்ளைத். அவளே வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினாள். மறு மழைக்கு அவை மீண்டும் இறங்கின. வரிசை வரிசையாக நட்ட கரும்புக்குக் குறுக்கே, ஆளுயர நீளத்தில், பக்கம் பக்கமாகக் கிடந்த பள்ளங்கள் அவை.

அவள் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவங்க மேல ஏறி ஓட்டியிருக்கேன்டா, கிளைவ். இருபத்திரண்டு வருஷம். இங்க பூவ எறிஞ்சிட்டு, அங்க டிராக்டர ஏத்தியிருக்கேன்."

கிளைவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஃபிரான்சஸ் அங்கிருந்தே நிறுவனத்தின் மேலாளர் ஹேடோவை அழைத்தாள். அலைபேசியில் அவர் குரல் மூவருக்கும் கேட்டது.

"போன மாசம் மரம்னாங்க, இந்த மாசம் வயலுங்கறாங்க. அடுத்த மாசம் ஏர்போர்ட்டத் தோண்டச் சொல்வாங்களா? உன் வேலை முடிஞ்சுதும்மா. அனுமதி கையில இருக்கு. வயலுக்குள்ள கால வச்சா போலீஸக் கூப்பிடுவேன்."

ஃபிரான்சஸ் அலைபேசியை இறக்கினாள். "அரசாங்கத்துக்கு நான் எழுதினா வேலைய நிறுத்துவாங்க. ஆனா குடும்பத்து ஞாபகம்னு மட்டும் எழுதினா ஒதுக்கிடுவாங்க. மரத்தையும் அப்படித்தானே சொன்னோம்? நிலத்துக்காரங்க பக்கத்துலேர்ந்து, தெரிஞ்ச ஒருத்தர் கையெழுத்துப் போட்டுச் சொல்லணும்."

"ப்ளைத்துக்கு என்ன தெரியும்?" என்றான் கிளைவ்.

அப்போதுதான் டெல்மாவுக்கு வேறு ஒன்று உறைத்தது. மறுநடவுக்குமுன் கிளென்வராவின் எல்லா வயல்களையும் இரண்டடி ஆழத்துக்குக் கிழித்து உழுவார்கள். அந்தப் பள்ளங்கள் கிடந்த மூலையில் மட்டும் மேலாகக் கீறினால் போதும் என்று ப்ளைத் ஒவ்வொரு முறையும் தாமே வந்து நின்று சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும், கடற்கரையோரம் ப்ளைத் குடியிருந்த செங்கல் வீட்டுக்குப் போனார்கள். மற்ற இருவரையும் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு டெல்மா மட்டும் உள்ளே போனாள்.

ப்ளைத்துக்கு எண்பத்து நான்கு வயது. அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா, டெல்! என் டிரைவர் வந்தாச்சு!" என்று தாமே தேநீர் போட்டுக்கொண்டுவந்து வைத்தார்.

"பதினாலாம் நம்பர் வயல்ல அந்த மூலைய மட்டும் ஏன் ஆழமா உழவிடல, மிஸ்டர் ப்ளைத்?"

"கல்லும்மா. கொழு உடைஞ்சிடும்."

"அங்க கல்லு கிடையாது. நான் ஓட்டின வயலப் பத்தி எங்கிட்டயே கத சொல்லாதீங்க."

கிழவர் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எங்கப்பா அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு. பழைய பழக்கம்."

"எதுக்கு அப்படிச் சொன்னாரு?"

வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டது. அது நின்று, மறுபடி தொடங்கியது.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி, குதிரை கட்டி உழுதப்ப, அவருக்கு எலும்பு கெடச்சுது," என்றார் ப்ளைத். "ஒரு ஆள் இல்ல. நிறைய. கழுத்துல கோத்த கிளிஞ்சலும் இருந்துச்சாம். எல்லாத்தையும் அப்படியே மூடிட்டாரு. அந்த மூலையில ஆழமாப் போகாதேன்னு எனக்குப் பத்து வயசுலயே சொல்லிட்டாரு. மரியாதையாத்தான் வச்சிருந்தோம், டெல்."

"நாங்க வேலிக்கிட்ட வந்து நின்னது உங்களுக்குத் தெரியுமா?"

"வராண்டாவிலேர்ந்து பாத்தா தெரியும்."

"எத்தன வருஷம் பாத்தீங்க?"

அவர் முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"எல்லா வருஷமும்."

டெல்மாவின் கை மேசை விளிம்பைப் பற்றியது. "எங்கப்பா நின்னாரு, பாத்த. எங்கப்பா செத்தப்பறம் நாங்க நின்னோம், பாத்த. 'அங்க இல்லம்மா, உள்ள வாங்க'ன்னு சொல்ல உனக்கு ஒரு வாய் இல்ல."

"உள்ள விட்டா நிலத்தையே கேப்பீங்கன்னு அப்பா பயந்தாரு."

"நீ?"

"நானும்தான்."

"பயந்தவன் என்னை வச்சுச் சேத்தக் கொட்டுனியே! எங்க ஆளுங்கள மூடறதுக்கு எங்க வீட்டுப் பொண்ணையே சம்பளம் குடுத்து வச்சியே! அதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நீ எங்கிட்டக் கேக்கவே இல்லையே, டெல்."

அவள் எழுந்துவிட்டாள். அறுபத்தாறு வயதில், தன் குரல் இத்தனை உரக்க எழும் என்று அவளே அறிந்திருக்கவில்லை. "கேக்கணுமா? எங்க எலும்பு உங்க நெலத்துல இருக்கான்னு நான் வந்து கேக்கணுமா? நெலம் வித்தப்ப அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட நீ சொன்னியா? அவன் கேக்கலைன்னு அவன்கிட்டயும் சொல்லலையா?"

கிழவரின் கண்கள் கலங்கின. "தப்புதான். என்ன மன்னிச்சுடு."

"அதுக்காக நான் வரல. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எந் தம்பி மெஷின்ல ஏறணும். இப்ப சொன்னத அப்படியே ஒரு பொண்ணுகிட்டச் சொல்லு. அவ எழுதுவா. நீ கையெழுத்துப் போடு."

"ஊர்ல எங்கப்பா பேரு கெட்டுடும், டெல்."

"உங்கப்பாவுக்கு ஒரு பேரு இருக்கு, ஒரு கல்லறை இருக்கு, அதுமேல பளிங்குக் கல்லு இருக்கு. கெடறதுக்காவது ஒரு பேரு இருக்கு. எங்க ஆளுங்களுக்கு என்ன இருக்கு? நான் கொட்டுன சேறு இருக்கு."

அவள் வாசலுக்குப் போய்க் கையை அசைத்தாள். ஃபிரான்சஸ் தாள்களோடு உள்ளே வந்தாள். கிளைவ் வாசற்படியோடு நின்றுகொண்டான். கிழவரை நேருக்குநேர் பார்க்க அவனால் முடியவில்லை, அல்லது பார்த்தால் என்ன செய்வோமோ என்று அஞ்சினான்.

ப்ளைத் சொல்லச் சொல்ல ஃபிரான்சஸ் எழுதினாள். நடுவில் இரண்டு முறை அவர், "மரியாதையா வச்சிருந்தோம்னும் எழுதும்மா" என்றார். டெல்மா மறுக்கவில்லை. "எழுது. படிக்கறவங்க பாத்துக்கட்டும்," என்றாள். கையெழுத்துப் போட்டு முடித்ததும், மனம் லேசானதுபோல், "தேநீரக் குடிச்சிட்டுப் போயேன்" என்றார் அவர். டெல்மா அவரைப் பார்த்தாள். அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் அவள்மேல் உண்மையாகவே பிரியம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பிரியம் இத்தனையையும் செய்துகொண்டே இருக்க முடிந்தது என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கோப்பையைத் தொடாமல் வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்கு கிளைவ் புல்டோசரில் ஏறி அமர்ந்து, பொறியை முடுக்காமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஏழேகாலுக்கு ஹேடோ கத்தினார். "பேட்டரில ஏதோ கோளாறு, சார்" என்றான் கிளைவ். ஃபிரான்சஸ் முந்தின இரவே அனுப்பிய வாக்குமூலத்தின்பேரில், எட்டரைக்கு அரசின் நிறுத்த உத்தரவு வந்தது.

வியாழக்கிழமை ஃபிரான்சஸ் தன் கருவியை வயலுக்குள் இழுத்தாள். டெல்மா உடன் நடந்தாள். சக்கரத்தின் இறக்கத்தைக்கொண்டு அவள் எண்ணியிருந்தவை ஒன்பது. கருவி காட்டியவை பத்தொன்பது. அவற்றுள் நான்கு மிகச் சிறியவை, மூன்றடிகூட இல்லை. லெய்சவு எதில் இருக்கிறாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சிறியவற்றில் இருப்பவர்களுக்கு, மாற்றி எழுதிய பெயராவது யாரும் வைத்தார்களா என்பதும் தெரியவில்லை. டெல்மா நான்கின் பக்கத்திலும் தனித்தனியே போய் நின்றாள். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்தபடி நின்றாள்.

வெள்ளிக்கிழமை செய்தித்தாளில் படம் வந்தது. மாலையில் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவன் மால்ட்டா நாட்டு வம்சத்தவனான வின்சு; அவளைப்போலவே டிராக்டர் ஓட்டியவன், பக்கத்துப் பள்ளத்தாக்கில் முப்பது ஆண்டுகள்.

"டெல், பேப்பரப் பாத்தேன். நேத்து ராத்திரியே தூக்கம் இல்ல."

"பேப்பரே இன்னைக்குத்தானே வந்துச்சு?"

"வயல்ல மெஷின் ஓடுதுன்னு நேத்தே காதுல விழுந்துச்சு. இங்க ஆத்தோரம் நாப்பதாம் நம்பர் வயல்லயும் சக்கரம் இறங்கும். அந்தக் காலத்துல எருமை புரண்ட குழின்னு சொல்லிவச்சிருந்தாங்க. இந்த ஊர்ல யாரு எருமை வளத்தா?"

டெல்மா பேனாவைத் தேடி எடுத்தாள்.

"யாரோட நெலம்?"

வின்சு சொன்னான்.

"உசிரோட இருக்காங்களா?"

"பெரியவர் இருக்காரு. வாயத் தொறக்கமாட்டாரு."

"தொறப்பாரு," என்றாள் டெல்மா. "சக்கரம் எத்தன தடவ இறங்கும்? யோசிச்சு, எண்ணிச் சொல்லு."